ராகு காலம் கழிந்து விழுந்த ஓட்டுகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் மேலாளர் கேட்டார். நல்ல வார்த்தை என்னிடம் எப்போதுமே கையிருப்பு குறைவு. நான் ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தி, ‘டிஜிட்டல் உலகின் முன்னோடி’ என்று மைக்கில் பேசினார்கள். நான் முன்னோடியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து, அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். அச்சகத்தை மூடினார்கள், கிடைத்த வேலைக்கு வந்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு விருந்தில் உங்களில் ஒருவர் என் இலைக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்: “சேச்சி, ஒரு பிளாக்குக்கு சோஷியல் நியூஸ் சைட்லேந்து வாரத்துக்கு எத்தர பேக்லிங்க் எடுக்கலாம்?” எடுக்கலாமாம். இது என்ன, கொல்லைக் கிணறா? வாயில் போளி இருந்ததால் அன்று தப்பித்தார். இப்போது பதில் சொல்கிறேன்.

சோஷியல் நியூஸ் தளம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்பீர்கள். எனக்குச் சந்தேகம்தான். அங்கே வேலை செய்வதாகச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதில் ஒரு வரி படித்ததில்லை. யாரோ ஒருவர் தான் படித்த ஒன்றின் இணைப்பை அங்கே கொண்டுவந்து போடுகிறார். மற்றவர்கள் படித்துவிட்டு, பிடித்தால் ஓட்டுப் போட்டு மேலே ஏற்றுகிறார்கள், பிடிக்காவிட்டால் கீழே தள்ளுகிறார்கள். ஓட்டு சேர்ந்தால் முகப்புக்கு வரும். முகப்பில் படித்தவர்களில் சிலர் தங்கள் சொந்தத் தளத்தில் அதைப் பற்றி எழுதி இணைப்புக் கொடுப்பார்கள். அதுதான் காசு பெறுகிற பேக்லிங்க், அது சேரச் சேரத்தான் இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு தளம் முன்னால் வரும். ஆகவே நடுவில் ஒரு மனிதன் உட்கார்ந்து படித்தாக வேண்டும். இந்த மனிதனை விலக்கிவிட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் நம் தொழிலில் மரியாதை அதிகம்.

நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் அப்படி ஒரு மேதை இருந்தார். கிரானைட் கடை ஒன்றுக்கு லிங்க் பிடிப்பது அவருடைய பொறுப்பு. எந்த வலைப்பூவைக் கண்டாலும், ‘மிகவும் பயனுள்ள தகவல், தொடர்ந்து எழுதுங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒட்டிவிட்டு, அடியில் கடை முகவரியை வைப்பார். ஒருநாள் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் அப்பா இறந்துபோனதைப் பற்றி எழுதியிருந்த பக்கத்திலும் அதையே ஒட்டினார். அந்த மனுஷன் பதில் போட்டிருந்தார்: ‘கல்லறைக்கு எந்தக் கல்லைச் சிபாரிசு செய்கிறீர்கள்?’ நம் ஆள் சந்தோஷமாக என் மேசைக்கு ஓடி வந்தார். “சேச்சி, என்கொயரி வந்நிருக்கு.” எனக்கு அடிக்கக் கை எழுந்தது. பிழை திருத்தும் வேலையில் அடிக்க அனுமதி உண்டு, எழுத்தைத்தான். இங்கே அதுவும் இல்லை.

இது கூத்து வகை. அடுத்துச் சொல்லப்போவது அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

அந்தக் கம்பெனி கரமனையில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. முதலாளியை ஹரி சார் என்போம். உள்ளூர்த் தமிழ்க் குடும்பம், நல்ல மனிதர், தினமும் கோயிலுக்குப் போவார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். இவ்வளவு நல்ல மனிதர்கள் மனசறிந்து செய்கிற தப்பை வேறு யாரும் செய்ய முடியாது என்பது நான் அவரிடம் கற்றது. கொச்சியில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்து, சோஷியல் நியூஸ் தளத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். சூட்சுமம் என்னவென்றால், ஆள் சேர்ப்பது.

கல்யாணத்துக்கு ஆள் சேர்ப்பதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதே திறமையை இதில் காட்டினார். அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரு கணக்கு. பிறகு எங்கள் வீட்டுக்காரர்களுக்கு. பிறகு அவருடைய மாமா, மாமி, சித்தப்பா, மச்சினிகள், ஸ்ரீவராகத்தில் அவருடைய தங்கை குடியிருந்த தெருவில் போன் வைத்திருந்த அத்தனை பேருக்கும். குடும்பக் குழுவில் இணைப்பு வந்து விழும். உடனே எல்லாரும் போய் ஓட்டுப் போட வேண்டும். போட்டவர்கள் குழுவில் கும்பிடு பொம்மை அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களுக்கு ஹரி சாரின் மாமி போன் செய்து, “ஏண்டா, நம்ம ஹரி கேட்டு ஒரு விரலை அமுக்கக் கூட நோக்கு முடியலையா?” என்று விசாரிப்பாள். இதில் யார் என்ன படித்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் பெண்ணுக்கு என்ன படிப்பு என்றா கேட்கிறான்?

இன்னொரு விதியும் உண்டு. ராகு காலத்தில் எதையும் தொடங்கக் கூடாது. ராகு காலம் கழிந்த கையோடு போட்டால் தடை எல்லாம் விலகி மேலே ஏறும் என்பது ஹரி சாரின் கொள்கை. ஆகவே திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும், செவ்வாய் சாயங்காலம், புதன் சாப்பாட்டுக்கப்புறம் என்று காலண்டர்ப்படி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் இணைப்பு போகும், அந்த நிமிஷமே தெரு முழுக்க விரல்கள் அமுங்கும். நான் ஒருதரம் கேட்டேன்.

“சார், அந்த சைட்டு அமெரிக்காவுல கெடக்கு. அங்க இப்ப ராத்திரியாக்கும். ராகு எந்த ஊரு நேரத்தப் பாப்பாரு?”

“சேச்சி, நம்ம விரல் இங்கேன்னா இருக்கு? அதான் கணக்கு” என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

எனக்கும் அந்தத் தளத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஹரி சார் கொடுத்தது வேறு, இது என் சொந்தக் கணக்கு. பழைய தையல் மெஷின்களைப் பிரித்து மாட்டுகிற பைத்தியம் எனக்கு உண்டு. உலகம் முழுவதும் அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கூடுகிற மூலை ஒன்று அங்கே இருந்தது. அங்கே உட்கார்ந்து படித்ததில் எனக்கு ஒன்று புரிந்திருந்தது. ஒவ்வொரு மூலைக்கும் காவல் காக்கிறவர்கள் உண்டு, மாடரேட்டர் என்பார்கள். சம்பளம் கிடையாது. அவர்கள் முட்டாள்களும் கிடையாது. வாசலில் செருப்பைப் பார்த்தே எத்தனை பேர் ஒரே வீட்டிலிருந்து வந்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள். இதை நான் ஹரி சாரிடம் சொன்னபோது, “நீங்க ரொம்ப யோஜிக்கறேள்” என்றார். தொழிலில் இதைவிடக் கெட்ட பாராட்டை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் ரமணி வந்தாள். ஸ்ரீவராகத்துக்காரி, ஹரி சாரின் தங்கைக்கு நாலு வீடு தள்ளி. அவளுடைய கணவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் பல நாள் டயாலிசிஸ். அவள் வீட்டில் அவனுக்காகச் சமைப்பதை ஆங்கிலத்தில் வலைப்பூவாக எழுதிக்கொண்டிருந்தாள். சாம்பார் வேண்டும், ஆனால் பருப்பு குறைய வேண்டும், காயை எப்படி நறுக்கி ஊறவைத்து நீரைக் கொட்ட வேண்டும், உப்பில்லாமல் ரசத்தை எப்படி வாயில் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவாள், கேட்டதையும் எழுதுவாள். அதைப் பார்த்து ஆன்லைனில் சமையல் வகுப்புக் கேட்டு வருகிறவர்களால்தான் அவள் வீடு ஓடியது. கணவனின் வேலை போய் வெகு நாளாகியிருந்தது. இப்போது வகுப்புக்கு ஆள் குறைகிறது, தேடினால் பெரிய தளங்கள்தான் முன்னால் வருகின்றன, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள்.

நான் அன்று மத்தியானம் முழுக்க அவள் எழுதியதைப் படித்தேன். அச்சகத்தில் எத்தனையோ பேர் எழுத்தைத் திருத்தியவள் நான். இவளிடம் திருத்த ஒன்றுமில்லை. ஹரி சாரிடம் போய் நின்றேன்.

“சார், இத அந்தக் கூட்டத்துல விடாண்டாம். நல்ல எழுத்தாக்கும். கிட்னி சீக்குக்காரங்க எழுதுத தளம் இருக்கும், டாக்டர்மாரு எழுதுதது இருக்கும். ஒவ்வொருத்தருக்கா மெயில் போடுவோம். லிங்க் மெள்ள வரும், ஆனா நிக்கும்.”

“மெள்ள வந்தா அவ எத்தனை மாசம் தாங்குவா, சொல்லுங்கோ. பாவம், நம்ம தெருப் பொண்ணு. ஒரே வாரத்துல நான் முகப்புல ஏத்திக் காட்டறேன்.”

பாவம் பார்த்துச் செய்கிறாராம். பாவம் பார்க்கிறவன் கையில் கத்தி கொடுக்கக் கூடாது என்று என் ஊரில் சொல்வார்கள்.

அந்தத் தளத்தில் சிறுநீரக நோயாளிகள் கூடுகிற மூலை ஒன்று உண்டு. ரமணி இளநீரைப் பற்றி எழுதிய கட்டுரையை ஹரி சார் தேர்ந்தெடுத்தார். ஊரெல்லாம் நல்லது என்று சொல்கிற இளநீர், அதிலிருக்கிற பொட்டாசியத்தால் சிறுநீரகம் போனவனுக்கு எவ்வளவு ஆபத்து, ஏன் ஒரு மடக்குக்கூட டாக்டரைக் கேட்காமல் கூடாது என்று எழுதியிருந்தாள். ராகு காலம் கழிந்தது. இணைப்பு போனது. குடும்பக் குழு கும்பிடு பொம்மைகளால் நிறைந்தது. கட்டுரை அந்த மூலையின் உச்சிக்கு ஏறியது. அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஹரி சார் எல்லாருக்கும் போளியும் பால்பாயசமும் வாங்கி வந்தார். நான் வேண்டாம் என்றேன். “சேச்சிக்கு ஷுகரா?” என்று கேட்டார்.

போளி வந்த மறுநாள் காலையில் அஞ்சு என்கிற பெண் என் மேசைக்கு வந்தாள். ஓட்டுப் போடுகிற கணக்குகளையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள், கரமனைக்காரி.

“சேச்சி, பணி கிட்டி.”

வசமாக மாட்டிக்கொண்டோம் என்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்வது இது. “என்னவாக்கும்? தெளிவாச் சொல்லு.”

“ரமணி சேச்சியோட சைட்டை அந்தக் கிட்னி மூலைல மாடரேட்டர் முழுசா தடை செய்தாச்சு. நம்ம போட்டது மாத்திரம் இல்ல சேச்சி. பழைய லிங்க் எல்லாம் போயி. வேற ஆளுங்க போட்டதும் போயி.”

“வேற யாரு போட்டா?”

அப்போதுதான் தெரிந்தது. அந்த மூலையில் பல வருஷங்களாக, எங்கேயோ இருக்கிற நோயாளிகளும் அவர்களுடைய மனைவிமார்களும், யாராவது என்ன சமைப்பது என்று கேட்டால் ரமணியின் பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களாகத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களாகக் கொடுத்த இணைப்புகள். ரமணிக்கே அது தெரியாது. அவள் வகுப்புக்கு வந்தவர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள். பேக்லிங்க் வாங்கித் தருகிறோம் என்று வந்த நாங்கள், ஏற்கெனவே யார் அவளுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரே ஒருமுறை தேடிப் பார்க்கவில்லை. ஹரி சாருடைய விரல்கள் தெரு முழுக்க இருந்தன, ஒரு கண்கூட இல்லை. முகவரிக்குத் தடை விழுந்ததும் அத்தனையும் சேர்ந்து அழிந்தது.

ரமணி போனில் வந்தாள். “அக்கா, எனக்கு மெயில் வந்துண்டே இருக்கு. உன்னைத் திருட்டு ஆளுன்னு போட்டிருக்கா, நெஜமான்னு கேக்கறா. நான் என்ன பண்ணினேன் அக்கா? அவாளுக்கு நான் என்ன சொல்லுவேன்?” அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த மூலையைக் காக்கிற மாடரேட்டர் எல்லாரும் பார்க்கும்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அவருடைய பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஒரு பறவையின் பெயரும் அதன் வாலில் ஓர் எண்ணும்தான் அவருடைய அடையாளம். குறிப்பின் சாரம் இது: ‘இந்தத் தளத்தைக் கள்ள ஓட்டுப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள், ஆகவே தடை. இந்த ஓட்டுகள் கூட்டமாக வருகின்றன. திங்கட்கிழமை ஒரு நேரம், செவ்வாய் வேறு நேரம், புதன் இன்னொரு நேரம். ஆனால் வாரத்துக்கு வாரம் அந்தந்தக் கிழமைக்கு அந்தந்த நேரம் மாறுவதில்லை. இதே கூட்டம் வேறு பல மூலைகளிலும் இதே ஒழுங்கில் வந்திருக்கிறது. நான் பார்த்ததிலேயே விசித்திரமான இயந்திரம் இது. இதை எழுதிய நிரலாளர் எந்தத் தர்க்கத்தில் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.’

நான் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாதுதான், வந்துவிட்டது. ஒளிந்துகொள்ள வருகிறவன் முழுப் பஞ்சாங்கத்தையும் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? உலகத்தின் எந்தத் திருடனும் செய்யாத காரியத்தை எங்கள் தெரு செய்திருந்தது. ஹரி சார் அந்தக் குறிப்பை இரண்டு தரம் படித்துவிட்டு, “இயந்திரம்ங்கறான், நம்மளைக் கண்டுபிடிக்கலை பாத்தேளா?” என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தன் தீர்வைச் சொன்னார்.

“சேச்சி, உங்க இங்கிலீஷ் நன்னா இருக்கும். அவாளுக்கு ஒரு மெயில் போடுங்கோ. இந்த பிளாக் எழுதற பொண்ணே விவரம் தெரியாம, அவ சொந்தக்காராளை வச்சுப் பண்ணிட்டான்னு. மன்னிச்சுடுங்கோன்னு அவ பேர்லயே கேட்டுடலாம். வேற பேர்ல புது சைட்டும் நம்ம செலவுல பண்ணிக் குடுத்துடறேன். அவளுக்கு என்ன நஷ்டம்?”

“அவளுக்க பேருதான் சார் நஷ்டம். அவ சொல்லுததக் கேட்டு ஆளுக தின்னுகாவ. கள்ளிச்சின்னு பேரு வந்தா, அவ சொன்ன அளவையும் கள்ளம்னுதான நெனப்பாவ? பின்ன அந்தச் சீக்காளிமாரு யாரைக் கேட்டுச் சமைப்பாவ?”

“நாமதான்னு சொன்னா, எந்தெந்த அக்கௌண்ட்னு அவா கேப்பா. சொன்னா மத்த கிளையன்ட் எல்லாருக்கும் போச்சு. இந்த ஆபீஸ்ல இத்தனை பேர் சாப்பிடறா, அதை நெனச்சுப் பாருங்கோ.”

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஹரி சார் சொன்னது பொய்யில்லை. அந்த மாடியில் சம்பளம் வாங்கியவர்களுக்கும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். அஞ்சுவின் அப்பாவுக்கு வேலை இல்லை. ஒரு பக்கம் ஒருத்தியின் பெயர், மறுபக்கம் ஓர் ஆபீஸ். தராசில் வைத்தால் ஆபீஸ்தான் கனம் என்று தோன்றும். இந்தக் கணக்கைத்தான் உங்களிடமும் ஒருநாள் யாராவது மெல்லிய குரலில் சொல்லப்போகிறார்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தப்புச் செய்தவர்கள் தராசின் ஒரு தட்டில், செய்யாதவள் இன்னொரு தட்டில். அதைத் தராசு என்று சொல்லுகிறதே அயோக்கியத்தனம்.

“மெயில் போடுதேன் சார்” என்றேன். அவர் முகம் தெளிந்தது. நல்ல மனிதர்களுக்கு எதையும் சீக்கிரம் நம்பிவிடுகிற குணமும் உண்டு.

என் மேசைக்கு வந்து, என்னுடைய தையல் மெஷின் கணக்கிலிருந்தே அந்தப் பறவைப் பெயருக்கு எழுதினேன். நீங்கள் தேடுகிற இயந்திரம் இயந்திரம் இல்லை, திருவனந்தபுரத்தில் எங்கள் முதலாளியின் சொந்தக்காரர்கள். உங்களுக்குப் புரியாத தர்க்கம் ராகு காலம். ஒவ்வொரு கிழமையும் சில நேரம் கெட்டது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அது கழிந்த உடனே ஓட்டு விழும், காலண்டரோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இது ரமணிக்குத் தெரியாது. அவள் கேட்டது வாசகர்களை, நாங்கள் கொடுத்தது இது. எங்களுடைய கணக்குகள் இவை என்று எனக்குத் தெரிந்த அத்தனையும் எழுதினேன், என் வீட்டுக்காரருடையது உட்பட. அனுப்பும் முன் அஞ்சுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய வேலைக்கு உலை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

படித்தாள். “சேச்சி, இது போயாச்சுன்னா நம்மளும் போயாச்சு, இல்லியோ?”

“ஆமா.”

“ரெண்டு அக்கௌண்ட் விட்டுப் போச்சு” என்று சொல்லி, அவளே தட்டச்சு செய்து சேர்த்தாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

பதில் சாயங்காலம் வந்தது. இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று யாராவது உண்டென்றால் அது அந்தப் பெயர் தெரியாத ஆள்தான், அவர் எனக்கு எழுதியதும் நாலு வரிதான். ‘கணக்குகள் எங்களுக்கு முன்பே தெரியும். அந்தப் பெண்ணுக்கு இதில் பங்கு உண்டா என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. இங்கே வருகிறவர்கள் தாங்கள் படித்ததை நம்பிச் சாப்பிடுகிறவர்கள். ஆகவே படிக்காதவர்களின் ஓட்டு இங்கே வெறும் பொய் இல்லை, விஷம்.’ ராகு காலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதுவும் ஒரு மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தடையை நீக்கினார். ரமணிக்கு இதில் பங்கில்லை என்று அதே இடத்தில் எல்லாரும் பார்க்க எழுதினார். எங்கள் கணக்குகள் அனைத்தும் அழிந்தன, அவற்றோடு ஹரி சாரின் மற்ற வாடிக்கையாளர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. “இத்தனை வருஷம் ஒரே ஆத்து மனுஷா மாதிரி இருந்தோமே, சேச்சி” என்றார். அதைக் கேட்டு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நானும் அஞ்சுவும் அந்த மாதமே வெளியே வந்தோம். அஞ்சுவுக்கு வேறு வேலை கிடைக்க வெகு நாள் ஆனது. எனக்கு இந்த அலுவலகம் கிடைத்தது. ஹரி சார் இப்போது விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுக்கிறார், அதில் நன்றாகவே இருக்கிறார் என்று கேள்வி.

ஆனால் அழிந்துபோன பழைய இணைப்புகள் திரும்பி வரவில்லை. தடையை நீக்கினால் புதிதாகப் போடலாம், அவ்வளவுதான். வருஷக்கணக்காக யார் யாரோ யார் யாருக்கோ சொன்ன பதில்கள் அவை, மறுபடி யார் உட்கார்ந்து சொல்வார்கள்? இதை ரமணியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ஸ்ரீவராகத்துக்குப் போனேன்.

அவள் சமையலறையில் இருந்தாள். ஊறவைத்த காயின் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகளைத் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன், அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. காயை மறுபடி கழுவி வடிகட்டிவிட்டுத்தான் பேசினாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? உங்க ஹரி சாரோட சித்தப்பா இருக்காரே, அவரும் எங்காத்துக்காரரும் டயாலிசிஸ்ல அடுத்தடுத்த கட்டில். நேக்கு அவரை அங்கதான் பழக்கம். போன வாரம் என்னைப் பாத்துட்டு, ‘உன் கட்டுரைக்கு நான்தான் மொதல்ல ஓட்டுப் போட்டேன், தெரியுமோ’ன்னு பெருமையாச் சொன்னார். எந்தக் கட்டுரை மாமான்னேன். ‘இளநீர்’ன்னார். சொல்லிண்டே, ‘இன்னிக்குக் கூட வழியில ஒண்ணு குடிச்சுட்டுத்தான் வந்தேன், இந்த வெயிலுக்கு அதாக்கும் நல்லது’ன்னார்.”

“பின்ன?”

“பின்ன என்ன, ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிண்டு வந்தேன். டாக்டர் வந்து பாத்தார், மாமா அன்னிக்குத் தப்பிச்சுட்டார். எல்லாம் அடங்கினப்புறம் என் போனைக் குடுத்து, படிங்கோ மாமான்னேன். கண்ணாடி கொண்டு வரலைன்னார். விடலை நான். கட்டில் பக்கத்துல உக்காந்து மொதல் வரிலேந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படிச்சுக் காட்டினேன். கேட்டுண்டே இருந்தார். அப்புறம், ‘நன்னா எழுதியிருக்கே குழந்தே, இது நேக்குத் தெரியாமப் போச்சே’ன்னு அழுதார்.”

வடிகட்டியை உதறி மேடையில் வைத்தாள்.

“உங்க கூட்டத்துலேந்து நேக்குக் கெடைச்ச ஓட்டு அந்த ஒண்ணுதான் அக்கா.”